நல்ல ஃபார்வர்டை சென்டரில் நிறுத்தும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடைப்பந்தில், பந்தைத் தட்டிக்கொண்டு போகவும் தெரியும், பாஸும் கொடுப்பார், பந்தைக் கொண்டுவரும் கார்ட் முதல் உடல் பலத்தோடு ஆடும் பவர் ஃபார்வர்ட் வரை யாரையும் மறித்து ஆடுவார் என்று ஒரு ஃபார்வர்ட் அணியில் கிடைத்துவிட்டால் போதும், அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: கூடைக்கு அடியில், வழக்கமாக அணியின் மிக உயரமானவர் நிற்கும் சென்டராகவே இவரை ஏன் ஆட வைக்கக் கூடாது? 2015-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 6 அடி 6 அங்குல ட்ரேமண்ட் கிரீனை சென்டராக நிறுத்தி அமெரிக்க லீக்கான என்பிஏவின் கோப்பையைத் தூக்கியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவே இல்லை. கேட்பதில் தப்பில்லை, பல சமயம் அது சரியான யோசனையும்கூட. ஆனால் கிரீன் கதையைப் பாதி மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம், அங்கேதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

முதல் தவறு, உயரத்தை மட்டும் பார்ப்பது. 6 அடி 10 அங்குலம் இருக்கிறார், அப்போ சென்டர் ஆடலாம். 6 அடி 6தான், அப்போ முடியாது. இப்படி முடிவெடுத்தால் கிரீன் மட்டுமில்லை, வெஸ் அன்செல்டும் கணக்கில் வரமாட்டார். 6 அடி 7 அங்குலம்தான் அவர், சென்டராக ஆடி 1968-69-இல், அதுவும் தன் முதல் சீசனிலேயே, லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். கிரீனுக்கு உயரம் குறைவு, ஆனால் கைகளை விரித்தால் 7 அடிக்கு மேல். அதைவிட முக்கியம், இடுப்புக்குக் கீழே இருக்கிற பலம்.

ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டின் பந்தை எடுக்கும் அந்த ஒரு நொடியை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஷாட் கிளம்பியதும் பெரும்பாலானவர்கள் தலையைத் தூக்கிப் பந்தைப் பார்ப்பார்கள். நல்ல சென்டர் முதலில் எதிராளியைத் தேடுவார். அந்த ஆளின் நெஞ்சில் முன்கையை வைத்து எங்கே நிற்கிறார் என்று உணர்ந்துகொண்டு, திரும்பி, முட்டியை மடக்கி, தன் இடுப்பை எதிராளியின் தொடையில் பதித்து, அரை அடி பின்னால் தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் பந்தைப் பார்ப்பார். அந்த அரை அடி போதும். கூடையின் வளையமான ரிம்மிலிருந்து தள்ளி நிற்கிற 7 அடி ஆள் எவ்வளவு குதித்தாலும் முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேல்தான் வர முடியும், ஃபவுல்தான் மிஞ்சும். இதைச் செய்ய உயரத்தைவிடத் தாழ்ந்து நிற்கும் பழக்கமும் தொடை பலமும் வேண்டும். அதனால்தான் ஒல்லியான 6 அடி 10 ஃபார்வர்டைவிடக் கனமான 6 அடி 6 ஆள் பல நாள் நல்ல சென்டராக இருக்கிறார்.

இன்னொன்று, வாய். சென்டர் பின்வரிசையில் நிற்பவர், ஐந்து பேரில் மொத்த ஆட்டமும் முன்னால் தெரிவது அவருக்குத்தான். ஸ்க்ரீன் (நம் ஆளை வழிமறித்து நிற்பது) இடப்பக்கம் வருகிறது, ஸ்விட்ச் பண்ணு (மறிக்கும் ஆளை மாற்றிக்கொள்), பின்னால் வெட்டுகிறான் என்று ஓயாமல் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிரீன் ஆட்டம் முழுக்கப் பேசுவார். பேசாத ஃபார்வர்ட் எத்தனை திறமைசாலியானாலும் அங்கே நிறுத்தினால் டிஃபென்ஸ் குருடாகிவிடும்.

அடுத்த தவறு, எதிரணியின் உயரமான ஆள் எத்தனை புள்ளி அடித்தார் என்பதை வைத்து முயற்சி தோற்றுவிட்டது என்று சொல்வது. 2015 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிளீவ்லாந்து கேவலியர்ஸ் 2-1 என்று முன்னிலை. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் 7 அடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து உயரம் குறைந்த ஆண்ட்ரே இக்வடாலாவை முதல் ஐவரில் சேர்த்தார், கிரீன் சென்டருக்கு நகர்ந்தார். முதல் ஏழு புள்ளியும் கிளீவ்லாந்துக்கு. அவர்களுடைய சென்டர் டிமோஃபே மோஸ்கோவ் அன்றைக்கு 28 புள்ளி அடித்தார், இரண்டு அணியிலும் சேர்த்து அதுதான் அதிகம். அதை மட்டும் பார்த்தால் கெர் செய்தது பைத்தியக்காரத்தனம். ஆனால் வாரியர்ஸ் 103-82 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் அதே மோஸ்கோவுக்குக் கிடைத்தது 9 நிமிடம்தான், காரணம் அவரைக் களத்தில் வைத்திருந்தால் மறுபக்கம் யாரை மறிப்பது என்று கிளீவ்லாந்துக்கே தெரியவில்லை.

அந்த மறுபக்கத்தில் நடந்தது இதுதான். கிரீன் ஸ்டெஃபன் கரிக்கு ஸ்க்ரீன் போடுவார். கரியைத் தனியாக விட்டால் மூன்று புள்ளி விழும், அதனால் இரண்டு பேர் பாய்வார்கள். கரி பந்தை நடுவே நழுவிய கிரீனிடம் தட்டிவிடுவார். இப்போது கிரீன் ஃப்ரீ த்ரோ கோட்டருகே, வாரியர்ஸ் நாலு பேர், மறிக்க மூன்று பேர்தான். ரிம்முக்கு அடியில் நிற்கும் பெரிய ஆள் முன்னேறி வந்தால் கார்னரில் ஷூட்டருக்குப் பாஸ், வராவிட்டால் லே-அப். சாதாரண சென்டர் அந்த இடத்தில் பந்தை வாங்கினால் தடுமாறுவார். ஃபார்வர்டாக வளர்ந்தவருக்கு அது தினமும் செய்கிற வேலை. ஃபார்வர்டை சென்டருக்கு நகர்த்துவதன் லாபம் முழுக்க இந்த இரண்டு நொடியில்தான் இருக்கிறது. அங்கே பாஸ் கொடுக்கத் தெரியாதவர், வெளியிலிருந்து ஷூட் பண்ணவும் தெரியாதவர் என்றால் நீங்கள் உயரத்தை இழந்தீர்கள், பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை. கிளீவ்லாந்தின் கெவின் லவ், கைரி இர்விங் இருவரும் காயத்தில் வெளியே இருந்ததும் வாரியர்ஸுக்குக் கை கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை.

சரி, அப்படியானால் எப்போதும் இதையே ஆடலாமே? இங்கேதான் மூன்றாவது தவறு வருகிறது, என் கணக்கில் மிகப் பெரிய தவறும் இதுதான்: அந்த ஒருவரை மட்டும் பார்த்து, கூட நிற்கும் நாலு பேரை மறப்பது.

2016 இறுதித் தொடர், அதே இரண்டு அணிகள். ஐந்தாவது ஆட்டத்தில் போகட்டுக்கு முட்டியில் அடிபட்டுத் தொடரைவிட்டே வெளியேறினார். ஆறாவது ஆட்டத்தில் இக்வடாலா முதல் ஐவரில், கிரீன் சென்டர். போன வருடம் கோப்பையைக் கொடுத்த அதே ஏற்பாடு. முதல் கால்பகுதி முடிவில் 31-11, கிளீவ்லாந்துக்கு. அவர்களுடைய டிரிஸ்டன் தாம்சன் அன்றைக்கு 16 ரீபவுண்ட் எடுத்தார். இக்வடாலாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஓரத்தில் ஹாரிசன் பார்ன்ஸ் போட்ட ஷாட்டுகள் விழவில்லை, எதிரே நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸோடு இந்த முறை இர்விங்கும் லவ்வும் இருந்தார்கள். கிரீன் அதே கிரீன்தான். ஆனால் உயரம் குறைந்த ஐவரை வைத்துச் சின்னதாக ஆடும்போது ரீபவுண்ட் ஒருவர் வேலை இல்லை, ஐந்து பேரும் இறங்கி ஆளைத் தள்ளிப் பந்தை எடுக்க வேண்டும், ஓரத்தில் நிற்பவர்கள் ஷாட்டும் போட வேண்டும். அதில் ஒருவர் சறுக்கினாலும் மொத்தமும் சரிகிறது. ஆகவே யாராவது இவர் சென்டர் ஆடலாமா என்று கேட்டால், பக்கத்தில் யார் யார் என்று கேட்காமல் பதில் சொல்லவே கூடாது.

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இதை உச்சத்துக்குக் கொண்டு போனது. 2020 பிப்ரவரியில் சென்டர் கிளின்ட் கப்பேலாவை அட்லாண்டா அணிக்கு அனுப்பிவிட்டு, 34 வயது பி.ஜே. டக்கரை, 6 அடி 5 அங்குல ஆளை, முழுநேர சென்டராக நிறுத்தினார்கள். தங்கள் கார்ட் ரஸல் வெஸ்ட்புரூக் உள்ளே பாய இடம் வேண்டும் என்பது கணக்கு, அந்தக் கணக்கில் அர்த்தமும் இருந்தது. டக்கர் உயிரைக் கொடுத்து ஆடினார். ஆனால் மாற்று வழி என்று பெஞ்சில் ஒன்றும் இல்லை. பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடம் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு அடுத்த நான்கையும் வரிசையாகத் தோற்றார்கள். லேக்கர்ஸ் தன் பெரிய சென்டர்களை ஓரம்கட்டி ஃபார்வர்ட் அந்தோணி டேவிஸை நடுவில் நிறுத்தியதும், வேகத்திலும் சமம், உயரத்தில் மிச்சம் என்றாகிவிட்டது. நீங்கள் சின்னதாக ஆடினால் எதிரணியும் சின்னதாக ஆடலாம், அவர்களுடைய சின்னது உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆடும் முன்பே யோசிக்க வேண்டிய கேள்வி இது.

நிமிடக் கணக்கும் அப்படித்தான். இந்த ஏற்பாடு ஊறுகாய் மாதிரி, சோற்றுக்குப் பதிலாக அதையே அள்ளிப் போட முடியாது. கெர் அதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். கோப்பை வென்ற அடுத்த வருடமும் போகட்தான் தொடங்கினார், பிறகு இன்னொரு பெரிய சென்டர், சாசா பச்சூலியா. ஆட்டத்தை முடிக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் கிரீன் நடுவுக்கு வருவார். சீசனுக்கு 82 ஆட்டம், ஒவ்வொன்றிலும் தன்னைவிட பத்துப் பதினைந்து கிலோ அதிகமான ஆளோடு மல்லுக்கட்டினால் முதுகும் முட்டியும் என்ன ஆகும்? மூன்றாம் கால்பகுதியிலேயே நான்கு ஃபவுல் வாங்கி உட்கார்ந்துவிட்டால் அந்த வீரரின் மற்றத் திறமையெல்லாம் பெஞ்சில்தான் இருக்கும். 2019-20 லேக்கர்ஸும் அதையே செய்தது. சீசன் முழுக்க டேவிஸுக்கு பக்கத்தில் ஜாவேல் மெக்கீ, டுவைட் ஹவர்ட் என்று அடி வாங்க ஆள் வைத்திருந்தார்கள். இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில்தான் ஹவர்டை உட்காரவைத்து அலெக்ஸ் கரூசோவைத் தொடங்கவிட்டு டேவிஸை சென்டராக்கினார்கள். பாதி ஆட்டத்தில் 64-36, லேக்கர்ஸுக்கு. கோப்பை அன்றைக்கே கைக்கு வந்தது.

டேவிஸ் லேக்கர்ஸுக்கு வந்த முதல் நாளே பத்திரிகையாளர்கள் முன்னால் சொல்லிவிட்டார்: பவர் ஃபார்வர்ட் ஆடுவதுதான் பிடிக்கும், சென்டர் அவ்வளவாகப் பிடிக்காது, தேவை என்றால் ஆடுகிறேன் என்று. அதற்காக அவரை எத்தனை பேர் திட்டினார்கள்! இவ்வளவு உயரம் இருந்தும் பயப்படுகிறார், சொகுசு பார்க்கிறார் என்றெல்லாம். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. வீரர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதை அடம் என்று ஒதுக்குவது ஒரு பெரிய தவறு. அடி வாங்குவது அவர்தானே?

இந்த விஷயத்தில் பலர் கவனிக்காமல் விடுவது 2022 மே மாதம் நடந்தது. மெம்ஃபிஸுக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் 134-95 என்று நொறுங்கியது. மெம்ஃபிஸின் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸ் பெயின்டுக்குள், அதாவது ரிம்முக்கு முன்னால் இருக்கிற கட்டத்துக்குள், இடம் பிடித்துக்கொண்டு பந்தை அள்ளிக்கொண்டிருந்தார். கெர் கோவிட் காரணமாக வரவில்லை, உதவிப் பயிற்சியாளர் மைக் பிரவுன்தான் பொறுப்பு. அவரிடம் போய், சென்டர் கெவன் லூனியை முதல் ஐவரில் சேருங்கள் என்று சொன்னவர்கள் கரியும் கிரீனும். சின்ன சென்டர் என்றாலே உலகம் யாரை நினைக்கிறதோ அதே கிரீன், எனக்குப் பக்கத்தில் ஒரு சென்டர் வேண்டும் என்று கேட்டார். லூனி அடுத்த, ஆறாவது ஆட்டத்தில் 22 ரீபவுண்ட் எடுத்தார், தொடர் அங்கேயே முடிந்தது, அந்த வருடக் கோப்பையும் வாரியர்ஸுக்குத்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஸ்விட்ச் பண்ண வசதி என்று கடைசி நேரத்தில் உயரமான ஆளை எடுத்துவிடுவது. 2013 இறுதித் தொடர் ஆறாவது ஆட்டம், மயாமிக்கு எதிராக சான் ஆன்டோனியோ கோப்பைக்குச் சில நொடிகள் தூரத்தில், 95-92. அன்று 30 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்திருந்த டிம் டங்கன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மூன்று புள்ளி ஷாட்டை மறிக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்று. அப்போது மயாமியில் ஆடிய லெப்ரான் போட்டது தவறியது. தவறிய பந்தை எடுத்தவர் மயாமியின் கிறிஸ் பாஷ், அவர் கார்னருக்குத் தள்ள, ரே ஆலன் 5.2 நொடி மிச்சமிருக்கும்போது சமன் செய்தார், அந்த ஆட்டத்தையும் ஏழாவதையும் ஜெயித்து மயாமி கோப்பையை எடுத்துக்கொண்டது. சான் ஆன்டோனியோ பயிற்சியாளர் கிரெக் பாபவிச்சின் முடிவை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு நல்ல காரணம் இருந்தது. ஆனால் ஷாட்டை மறிப்பதோடு டிஃபென்ஸ் முடிவதில்லை, தவறிய பந்தை யார் எடுப்பது என்பதும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும். இன்னும் ஒன்று, அந்தப் பாஷே பவர் ஃபார்வர்டாக வந்து மயாமிக்காக சென்டருக்கு நகர்ந்தவர். அது பலித்தது, இரண்டு கோப்பை வந்தது. ஆனால் அதே 2013-இல் இந்தியானாவின் 7 அடி 2 அங்குல ராய் ஹிப்பர்ட் முன்னால் திணறி, ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான் தப்பித்தார்கள்.

நம் ஊரில் கிளப்புக்கோ கல்லூரிக்கோ அணி சேர்ப்பவர்கள் ஒரு விதியையும் மறக்கக் கூடாது. என்பிஏவில் டிஃபென்ஸ் ஆடுபவர் யாரையும் மறிக்காமல் பெயின்டுக்குள் மூன்று நொடி நிற்க முடியாது. நாம் ஆடும், சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில் அந்தத் தடை இல்லை, எதிரணியின் உயரமான ஆள் ரிம்முக்கு அடியிலேயே கூடாரம் போடலாம். அவரை வெளியே இழுக்க வேண்டுமென்றால் உங்கள் சின்ன சென்டரின் வெளி ஷாட் உண்மையிலேயே விழ வேண்டும், சும்மா வெளியே நின்றால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். டிவியில் பார்த்ததை அப்படியே இறக்குமதி செய்து ஏமாறுவது இங்கேதான்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அணியில் உயரமான பையன் இல்லையே என்று பந்தை நன்றாகக் கையாளும் பையனை ரிம்முக்கு அடியில் இரண்டு வருடம் நிறுத்திவைத்தால் அவன் டிரிப்ளிங் அங்கேயே நின்றுவிடும். டேவிஸ் பள்ளியில் கார்டாக ஆடியவர், நடுவில் மளமளவென்று வளர்ந்தார், அந்தக் கார்ட் கைகள்தான் பிறகு அவரைத் தனித்துக் காட்டியது. நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கால்பகுதியிலும் நான்கு ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அந்த நிமிடங்களில் எதிரணி தன் தவறிய ஷாட்டையே எடுத்துத் திரும்ப அடித்த புள்ளிகள் எத்தனை, நம் பக்கம் யாரும் மறிக்காமல் கிடைத்த ஷாட் எத்தனை என்று பெஞ்சில் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். நாலைந்து ஆட்டம் இப்படி எழுதிவிட்டு அந்தத் தாளோடு பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசி, அப்புறம் முடிவெடுங்கள்.