குளிர்பதன அறையின் வெப்பநிலைப் பதிவுகளைக் காத்த விதம்

மருந்துக் கிடங்கில் வெப்பநிலையைக் குறித்துவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக் கருவியில், 8 டிகிரியைத் தாண்டிய சில வரிகளை யாரோ திருத்தியிருந்தார்கள். கோப்பு அனுமதிகளை இறுக்கிப் பயனில்லை. மெமரி கார்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் அவை நிற்காது. ஆகவே ஒவ்வொரு வரியோடும் முந்தைய வரியின் முத்திரையை (வரியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீட்டை) சேர்த்து, ரகசியச் சாவியைக் கொண்டு எஸ்ஹெச்ஏ-256 என்னும் கணக்கீட்டு முறையின் அடிப்படையில் புதிய முத்திரை இடும்படி நிரலை மாற்றினேன்; நடுவில் ஓர் எண்ணைத் தொட்டாலும் அதன்பின் எதுவும் பொருந்தாது.

சாவி கருவியிலேயே கிடந்தால் திருத்துபவர் அதைக் கொண்டே இந்த முத்திரைச் சங்கிலியை மீண்டும் கட்டிவிடலாமே! அதனால், 1998இல் குறியாக்க வல்லுநர்கள் புரூஸ் ஷ்னையரும் ஜான் கெல்சியும் விளக்கிய வழியில், ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் சாவியை ஒருவழிச் சார்பினால் (விடையிலிருந்து மூலத்தைக் கண்டுபிடிக்க இயலாத கணக்கினால்) புதுப்பித்துப் பழையதை அழிக்கிறேன். முதற்சாவி சரிபார்க்கும் கணினியில் மட்டுமே இருக்கிறது. கடைசி வரிகளை வெட்டியெறிந்தால் சங்கிலி காட்டிக்கொடுக்காது என்பதால், அண்மை முத்திரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச் சர்வருக்குச் செல்கிறது.