டிரையல் பைக்கின் பின்சக்கர டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்லிலும் வேரிலும் மெதுவாக ஏறி இறங்கும் டிரையல் பைக்கின் பின்சக்கரத்திற்கு டயர் வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் டயர் நல்லது என்பதைத்தான். நான் கடைசியில் கேட்கும் கேள்வி அது. உங்கள் ரிம் எந்த வகை, கையில் இருக்கும் டயர் எந்த வாரத்தில் தயாரானது, நீங்கள் ஏறி இறங்கும் தரை எப்படிப்பட்டது என்ற மூன்றும் தெளிவாகிவிட்டால் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓட்டும் நமக்கு மூன்றாவது கேள்விதான் சற்றுச் சிக்கலானது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் மேடு, பழைய ரப்பர் காட்டில் மண்ணுக்கு மேலே புடைத்து நிற்கும் வேர், லிந்தாங், ஜாலோங் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் கருங்கல் ஆகிய மூன்றையும் ஒரே காலைப் பொழுதில் கடந்துவிடுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளைகள் காப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கும் பட்டன் டயரையே டிரையல் பைக்கிற்கும் போட்டால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. பட்டன் டயரின் கட்டைகள் உயரமானவை, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவை. வேகமாகச் சுழன்று மண்ணைத் தோண்டிப் பிடிமானம் தேடுவது அவற்றின் வேலை. டிரையல் ஓட்டத்தில் நாம் நடக்கும் வேகத்தில் போகிறோம், ஒரு பாறையின் முகத்தில் சக்கரத்தை ஒட்டவைத்து ஏறுகிறோம். அங்கே தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு ரப்பர் பாறையைத் தொடுகிறது என்பது மட்டுமே கணக்கு. ஆகவே டிரையல் டயரின் பூ (தரையைத் தொடும் மேற்பரப்பு), நெருக்கமான, தட்டையான தலையுடைய சிறு கட்டைகளால் ஆனது. போட்டி விதிகள் கட்டையின் உயரத்தை 13 மில்லிமீட்டருக்குள் கட்டுப்படுத்துவதால் எல்லா நிறுவனங்களின் டயர்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில் இருக்கிறது: ரப்பர் எவ்வளவு மிருதுவானது, டயரின் உடல் எவ்வளவு எளிதாக வளைகிறது.

இந்த வளைவு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைக்கும் ஓட்டுநரும் சேர்ந்து 140 கிலோ என்றும் அதில் பாதி பின் சக்கரத்தில் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். டயரில் 5 பவுண்டு காற்று (டயரில் பிஎஸ்ஐ என்று பொறித்திருப்பதைத்தான் நாம் பவுண்டு என்கிறோம்) இருந்தால், அந்த 70 கிலோவைத் தாங்கத் தரையில் ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் பரப்பு படிய வேண்டும். 15 பவுண்டு ஏற்றினால் அந்தப் பரப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இது காற்று மட்டுமே எடையைத் தாங்குவதாக எண்ணிப் போட்ட கணக்கு. பக்கச்சுவர் விறைப்பாக இருந்தால் எடையின் ஒரு பகுதியை அதுவே தாங்கிக்கொள்ளும். காற்றை எவ்வளவு குறைத்தாலும் டயர் படியாது. காற்றைக் குறைத்துப் பார்த்தும் பிடிமானம் வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விறைத்த டயரில் ஓட்டுகிறவர்களாகவே இருப்பார்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது அடுத்த வேலை. பெரியவர்களுக்கான டிரையல் பைக்குகளின் பின் டயர் அளவு 4.00, 18 அங்குலம். முன் டயர் 2.75, 21 அங்குலம். 4.00-க்கும் 18-க்கும் நடுவில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர். வெறும் கோடு இருந்தால் இழைகள் குறுக்காகப் பின்னப்பட்ட பழைய அமைப்பு. ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுவதால் பக்கச்சுவர் எளிதில் வளையும், பூ தட்டையாகப் படியும். அளவுக்குப் பின்னால் வரும் 64 என்ற எண், உரிய காற்றழுத்தத்தில் அந்த டயர் 280 கிலோ வரை தாங்கும் என்பதன் குறி. அந்த எண்ணை அடுத்து வரும் எழுத்துகளில் ‘எல்’ 120 கிலோமீட்டர் வேகத்தையும் ‘எம்’ 130 கிலோமீட்டர் வேகத்தையும் ‘பி’ 150 கிலோமீட்டர் வேகத்தையும் உச்சவரம்பாகச் சொல்கின்றன. நம் தேவைக்கு இந்த எண்களால் பெரிய பயன் இல்லை. கவனிக்க வேண்டியது ‘டிஎல்’ அல்லது ‘டிடி’ என்ற எழுத்துகளைத்தான். முதலாவது டியூப் இல்லாத டயர், இரண்டாவது டியூப் போட வேண்டியது.

மொந்தேசா, காஸ் காஸ், பேட்டா, ஷெர்கோ போன்ற இன்றைய பைக்குகளின் பின் ரிம் டியூப்லெஸ் வகை. ஸ்போக் கம்பிகள் ரிம்மை ஊடுருவாதபடி நடுவில் ஒரு மேட்டில் பொருத்தப்பட்டிருக்கும், அல்லது கம்பித் துளைகளை ஒரு தடித்த ரப்பர் பட்டை உள்ளிருந்து மூடியிருக்கும். ரிம்மின் உள்விளிம்பில் டயரின் பீட் (ரிம்மில் அமரும் தடித்த ஓரம்) நழுவாமல் இருக்க ஒரு சிறு வரம்பும் உண்டு. 5 பவுண்டுக்கும் குறைவாக ஓட்ட முடிவது அந்த வரம்பினால்தான். ஹோண்டா டிஎல்ஆர் 200, யமஹா டிஒய் போன்ற பழைய பைக்குகளுக்கு டியூப் ரிம்தான். அவற்றில் டயர் ரிம்மின் மீது வழுக்கிச் சுழன்று டியூபின் வாயைப் பிய்த்துவிடாமல் இருக்க ரிம் லாக் கட்டாயம் வேண்டும். பழைய பைக்கை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த டியூப்லெஸ் ரேடியலை வாங்கி, உள்ளே டியூபைத் திணித்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடத்தான் செய்யும், ஆனால் கொடுத்த காசில் பாதி அந்த டியூபுக்குள் அடைபட்டுப் போகிறது.

இனித் தேதி. இதைப் பற்றி நான் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கொடுத்துப் படித்த பாடம். 2019-இல் ஒரு கடையில் கழிவு விலைக்கு ஒரு நல்ல ரேடியல் கிடைத்தது. பூவின் மேல் இருந்த மெல்லிய ரப்பர் மயிர்கூட உதிராத புத்தம் புதிய டயர். மாட்டிக்கொண்டு ஓடைக்குப் போனேன். முழங்கால் உயரம்கூட இல்லாத, வழக்கமாக ஏறும் ஈரக் கருங்கல் படியில் சக்கரம் எண்ணெயில் வைத்ததுபோல் சுழன்றது. காற்றைக் குறைத்தேன், கிளட்ச்சை மாற்றிப் பிடித்தேன், என்னையே நொந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து டயரைக் கழுவிய பிறகுதான் பக்கவாட்டில் ‘டிஓடி’ எழுத்துகளை அடுத்து வந்த நீள்வட்டத்திற்குள் 1114 என்ற எண்ணைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு: 2014-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம். ஐந்து ஆண்டுகள் அந்த டயர் நம் நாட்டுச் சூட்டில் கிடந்து இறுகியிருந்தது.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. எண்ணை முதலில் படிப்பேன். ஓராண்டுக்குள் தயாரானதானால் விலை பேசுவேன், இரண்டைத் தாண்டினால் நல்ல தள்ளுபடி இருந்தால் மட்டுமே எடுப்பேன், மூன்றைத் தாண்டினால் இலவசமாகக் கொடுத்தாலும் பயிற்சிக்குத்தான். இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுமையாக இருக்கும். அடுக்கில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தால் கடை முதலாளியான தவுக்கேயைத் தொந்தரவு செய்தாவது திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு பூக்கட்டையின் ஓரத்தில் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல டயரில் நகம் இறங்கும், எடுத்ததும் பள்ளம் மெதுவாக மூடும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அந்த டயரை வைத்துவிட்டு வாருங்கள். வாங்கிய பிறகும் இதே எச்சரிக்கை வேண்டும்: வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் வெயில் படும்படி உதிரி டயரைத் தொங்கவிடுவது அதை நாளுக்கு நாள் விறைக்க வைப்பதாகும். கறுப்புப் பையில் சுற்றி, இருட்டான, மின்மோட்டார் ஓடாத மூலையில் வைப்பது நல்லது.

‘மெதுவாக மூடும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று, மரமாக, இன்றும் மாவட்ட நில அலுவலகத்தின் அருகே நிற்கிறது. நம் பெற்றோர் சீவிய மரத்தின் பால் துள்ளும் தன்மை மிக்கது; கட்டிய பாலில் உருட்டிய பந்து எவ்வளவு உயரம் எழும்பும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். டிரையல் டயரின் பூவுக்கு அந்தத் துள்ளல் ஆகாது. பாறையில் பட்டதும் எகிறாமல் பிசின்போல் அமர்ந்திருக்க வேண்டும் என்பதால் அதன் ரப்பர்க் கலவையை வேண்டுமென்றே சோம்பலாகச் செய்கிறார்கள்.

தரைக்கு வருவோம். பெரும்பாலும் கல்லிலும் வேரிலும் ஓட்டுகிறவர், ரிம்மும் டியூப்லெஸ்ஸாக இருந்தால், மிஷெலின், டன்லப் டி803ஜிபி, ஐஆர்சி போன்றவற்றின் போட்டித்தர ரேடியலையே எடுக்கலாம். மிஷெலினில் வழக்கமான வகையோடு, எடை குறைந்த, பக்கச்சுவர் இன்னும் இளகிய எக்ஸ்-லைட் என்ற வகையும் உண்டு. பாறையில் அது அருமையானது; ஆனால் செம்பனைத் தோட்டத்திற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குலை வெட்டும்போது விழும் மட்டைகளை மரவரிசைகளுக்கு இடையில் நீளமாக அடுக்கி வைக்கிறார்கள். மட்டைக் காம்பின் இரு ஓரத்திலும் இருக்கும் முள், காய்ந்த பிறகு ஆணி. பூவில் குத்தினால் உள்ளிருந்து ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். பக்கச்சுவரில் குத்தினால் டயரே போய்விடும். மட்டை அடுக்கைத் தாண்டித்தான் தீர வேண்டும் என்றால் தடித்த பக்கச்சுவர் உள்ள வகையை எடுங்கள், அல்லது என்னைப்போல் இறங்கிப் பைக்கைத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள்.

தோட்டச் சாலையில் நெடுந்தூரம் ஓடிவிட்டு இடையிடையே மட்டும் கல்லில் ஏறுகிறவருக்குப் பிரெல்லி எம்டி43 பொருந்தும். அது விறைப்பானது, மெதுவாகத் தேயும், பாறையில் ரேடியலின் அளவுக்கு ஒட்டாது. பழகத் தொடங்கியிருப்பவருக்கும் பழைய பைக் வைத்திருப்பவருக்கும் ஷிங்கோ 241 போன்ற மலிவான டயர் போதும். மழை பெய்து ஓய்ந்த செம்மண் ஏற்றத்தில் எந்த டிரையல் டயரும் வழுக்கும். நெருக்கமான பூவுக்குள் களிமண் அடைத்துக்கொண்டால் சக்கரம் மழமழவென்ற உருண்டையாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை தவறாத நம் பகுதியில் இதற்கு டயரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; ஏற்றத்திற்கு முன் ஓடைத் தண்ணீரில் சக்கரத்தை நனைத்துச் சுழற்றி மண்ணை உதறிவிட்டு ஏறுவதுதான் வழி.

மாட்டுவதைப் பற்றி. மோட்டார்க் கடைப் பையன் நீளமான டயர் லீவரால் நெம்பினால் பீட் கிழியும், ரிம்மின் ரப்பர் பட்டை நகர்ந்து அதன் பிறகு காற்று நிற்காது. சிறிய லீவர் மூன்றும் சோப்புத் தண்ணீரும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். நெம்பும் இடத்திற்கு எதிர்ப்பக்கத்தில் பீட் ரிம்மின் நடுப்பள்ளத்திற்குள் இறங்கியிருக்க வேண்டும். அங்கே முழங்காலை ஊன்றிக்கொண்டால் இந்தப் பக்கம் பலம் தேவைப்படாது. காற்று அடிக்கும்போது பீட் ஒட்டாமல் காற்று வெளியேறினால், லோரிச் சாமான் கட்டும் பட்டையை டயரின் பூவைச் சுற்றி இறுக்குங்கள். பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக ‘டொப்’ என்ற ஒலியுடன் அமரும். பக்கச்சுவரில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். அமரவில்லை என்றால் காற்றை இறக்கி மீண்டும் சோப்புத் தடவுங்கள். அமர்ந்த பின், ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள்.

காற்றளவைப் பெட்ரோல் நிலையத்து மானியால் பார்ப்பது, பொன் நிறுக்க மூட்டைத் தராசை எடுப்பது போன்றது. 0 முதல் 15 பவுண்டு வரை மட்டும் காட்டும் தனி மானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்திற்கு 4 முதல் 5 பவுண்டு. உடல் கனத்தவர்கள் 6 வரை வைக்கலாம். தோட்டச் சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிப் போக வேண்டியிருந்தால் 10 வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் இறக்குங்கள். காலை நிழலில் 25 பாகை செல்சியஸில் 5 பவுண்டு வைத்த டயர், திறந்த லோரியில் வெயிலில் கிடந்து உள்காற்று 45 பாகைக்குச் சூடானால் 6.3 பவுண்டுக்கு வந்துவிடும். நூறு பவுண்டில் இது கவலைப்பட வேண்டிய வேறுபாடு அல்ல. ஐந்தில் இது கால் பங்கு. ஆகவே ஓட்டும் இடத்தில், நிழலில் பைக்கைச் சற்று நிறுத்தி வைத்த பிறகு அளப்பதே சரி.

பூ தேயத் தொடங்கும்போது உயரத்தைவிட விளிம்பைப் பாருங்கள். முடுக்கும்போது தரையைத் தள்ளும் விளிம்புதான் முதலில் மழுங்கும். கட்டையின் மறு விளிம்பு அப்போதும் கூராக இருக்கும். பக்கவாட்டில் சுழல் திசைக்கான அம்புக்குறி தடுக்காவிட்டால், டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டு அந்தக் கூர் விளிம்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரு விளிம்பும் மழுங்கி, நகமும் இறங்காமல் போன டயரை நான் இளைஞர்களுக்குக் கொடுத்துவிடுவேன். மண்மேட்டில் சமநிலை பழக அது இன்னும் ஓராண்டு ஓடும்.