ஹைபிரிட் காரில் இ.வி. பட்டன்: மைலேஜ் கூடிய விதம்

வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் போய்வரும் எங்கள் ஹைபிரிட் காரில் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) மைலேஜ் இறங்கிக்கொண்டே வந்தது. பேட்டரியில் மட்டும் ஓடவைக்கும் 'இ.வி.' பட்டனை அடிக்கடி அழுத்திக்கொண்டிருந்தேன். டிஸ்ப்ளேயில் பேட்டரி அளவைக் கவனித்ததும் காரணம் அதுதான் என்று பிடிபட்டது.

பிளக் போட்டு சார்ஜ் ஏற்ற முடியாத ஹைபிரிட்டில் மின்சாரமெல்லாம் பெட்ரோலிலிருந்தும், பிரேக் பிடிக்கையில் காரின் ஓட்டத்திலிருந்தும் வருவதுதான். பேட்டரியும் சின்னது, ஏறத்தாழ ஒரு யூனிட். பட்டனை அழுத்தி மேம்பாலம் ஏறினால் அது சீக்கிரமே வடிந்துவிடும். மறுபடி நிரப்ப இன்ஜின் பெட்ரோல் எரிக்க வேண்டும். இந்த மாற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும்.

இப்போது பட்டனைத் தொடுவதில்லை. சிக்னலிலிருந்து இன்ஜினோடு நிதானமாக 45 கி.மீ. வேகம் வரை ஏற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரில் காலைத் தளர்த்துகிறேன், 'இ.வி.' பச்சை விளக்கு தானே எரிகிறது. ஊர்ந்து போகும் நெரிசல், ரிவர்ஸ், பார்க்கிங்: இன்ஜின் வீணாகக் குடிக்கும் இந்த இடங்களில்தான் மின்சாரம் லாபம். எல்லாவற்றையும்விட முக்கியம், சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து மெல்ல பிரேக் பிடிப்பது. சட்டென மிதித்தால் பேட்டரிக்குப் போக வேண்டியது பிரேக் சூட்டில் கரைந்துவிடும்.