பழைய ரவுட்டரைப் பாட்டுப்பெட்டி ஆக்குவது எப்படி?

வீட்டுப் பாட்டுகளெல்லாம் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் கிடந்தன. சுமார் 6,000 எம்பி3. கேட்க வேண்டுமென்றால் யாராவது மடிக்கணினியைத் திறந்து வைக்க வேண்டும். அம்மாவுக்கோ காலை ஐந்தரைக்கே பக்திப் பாட்டு வேண்டும். எங்கள் வீட்டில் இரவு பகலாக ஓடும் ஒரே கணினி ரவுட்டர்தான். அதன் முதுகில் ஒரு யூஎஸ்பி துளையும் சும்மா இருந்தது.

இந்த வேலைக்கு ரவுட்டர் தாங்குமா என்று யோசிக்க வேண்டாம். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நொடிக்கு வெறும் 40 கிலோபைட். கோப்பை அப்படியே எடுத்துக் கொடுப்பதற்கு மூளை தேவையில்லை. பாட்டை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் சர்வர்கள்தான் அதைத் திணறடிக்கும். அதனால்தான் நான் மினிடிஎல்என்ஏ போட்டேன். வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் போன், டிவிகளுக்குப் பாட்டை அப்படியே எடுத்துக் கொடுக்கும் சிறிய சர்வர் அது. ரெடிமீடியா என்றும் அதற்குப் பெயர் உண்டு. நேவிட்ரோம் என்ற இன்னொரு பாட்டு சர்வர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் நிரல் கோப்பே என் ரவுட்டரின் ஃபிளாஷில், அதாவது உள் சேமிப்பில், அடங்காது.

என்னிடம் இருப்பது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, இரண்டாம் பதிப்பு: 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம், யூஎஸ்பி 2.0 துளை இரண்டு. ரவுட்டருக்கான திறமூல இயங்குதளமான ஓப்பன்வர்ட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். போடும்போது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சில்லு இருக்கும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டி என்றால் விட்டுவிடுங்கள்.

1. தேவையானவற்றை நிறுவுதல்

உலாவியில் திறக்கும் ஓப்பன்வர்ட்டின் நிர்வாகப் பக்கத்துக்கு லூசி என்று பெயர். அதில் சிஸ்டம், அதற்குள் சாஃப்ட்வேர். முதலில் அப்டேட் லிஸ்ட்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து பொதிகளை நிறுவுங்கள்: கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், கேமாட்-எஃப்எஸ்-இஎக்ஸ்டி4, பிளாக்-மவுண்ட், மினிடிஎல்என்ஏ, லூசி-ஆப்-மினிடிஎல்என்ஏ. முடிந்ததும் ஒரு ரீபூட்.

2. பென்டிரைவ்

லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எங்கள் தெருவில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களின் குறிப்பேடு, வைத்திருக்கும் கோப்பு முறைமைதான் அதைத் தாங்கும். சுழலும் ஹார்டு டிஸ்க் வேண்டாம். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான், பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு அது போதாது.

செருகிய பிறகு சிஸ்டம், மவுண்ட் பாயிண்ட்ஸ் பக்கத்தில் ஜெனரேட் கான்ஃபிக் அழுத்துங்கள். கீழே ஒரு வரி வரும். அதில் டிரைவின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியைத் தேர்ந்தெடுத்து, மவுண்ட் ஆகும் இடமாக எம்என்டி அடைவுக்குள் பாட்டு என்று ஓர் அடைவைக் கொடுத்து, எனேபிள்டு கட்டத்தில் டிக் போடுங்கள். டிரைவுக்கு ரவுட்டர் வைக்கும் எஸ்டிஏ1 என்ற பெயரை நம்பாதீர்கள். இன்னொரு பென்டிரைவைச் செருகினால் அது மாறிப்போகலாம்.

3. நான் சறுக்கிய இடம்

சர்வீசஸ் பட்டியலில் மினிடிஎல்என்ஏ வந்திருக்கும். எனேபிள், நெட்வொர்க் எல்லாம் பார்த்தாலே புரியும். பாட்டு அடைவின் பாதையை எழுதும்போது முன்னால் ஆங்கில ஏ எழுத்தும் ஒரு காற்புள்ளியும் சேர்த்தால் ஒலிக் கோப்புகளை மட்டும் தேடும்.

எல்லாம் செய்தேன், பாட்டு வந்தது, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் கரண்ட் போய் வந்தது. போனில் பட்டியல் காலி. பத்து நிமிடம் கழித்துத்தான் பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மூன்றாம் நாளும் அதே கதை, கூடவே வைஃபையும் இழுத்தது. "பாட்டு வேணும்னு கேட்டா இன்டர்நெட்டையே கெடுத்துட்டியே" என்றாள் தங்கை.

காரணம் டேட்டாபேஸ் டைரக்டரி என்ற ஒரே ஒரு பெட்டி. மினிடிஎல்என்ஏ தன் பாட்டுப் பட்டியலை இயல்பாக வார் அடைவுக்குள் வைக்கும். ஓப்பன்வர்ட்டில் வார் என்பது டிரைவில் இல்லை, ரேமில் இருக்கிறது. ரீபூட் ஆனால் பட்டியல் காற்றோடு போய்விடும், 6,000 கோப்பையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஆல்பம் படங்களின் சிறு பிரதிகளும் அங்கேயே சேரும். இருப்பதே 128 எம்பி. அதையும் பாட்டுப் பட்டியல் தின்றால் ரவுட்டர் எதை வைத்து ரவுட்டர் வேலை பார்க்கும்?

ஆகவே பென்டிரைவிலேயே டிபி என்று ஓர் அடைவு உண்டாக்கி, அதன் பாதையை டேட்டாபேஸ் டைரக்டரியில் எழுதுங்கள். மினிடிஎல்என்ஏ அதில் எழுதுவதற்கு அனுமதி இருக்க வேண்டும். சேவ் அண்டு அப்ளை கொடுத்துவிட்டு ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். இப்போது பட்டியல் உடனே வர வேண்டும்.

இதற்குள் இன்னொரு குழியும் உண்டு. டிரைவ் மவுண்ட் ஆகாத நேரத்தில் மினிடிஎல்என்ஏ கிளம்பினால், அதே பெயரில் ரவுட்டரின் சொந்த ஃபிளாஷில் எழுதத் தொடங்கிவிடும். 16 எம்பி எந்த மூலைக்கு? ஃபிளாஷ் நிறைந்துபோனதாக லூசி சொன்னால், முதலில் பென்டிரைவைக் கழற்றிவிட்டு அந்த அடைவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அங்கே 5 எம்பி குப்பை கிடைத்தது.

4. கேட்பது

உலாவியில் ரவுட்டரின் ஐபி முகவரியோடு முக்காற்புள்ளி போட்டு 8200 என்று தட்டினால் எத்தனை பாட்டு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். எண் ஏறிக்கொண்டே போனால் சரி. போனில் விஎல்சி போதும், உள்ளூர் நெட்வொர்க் பகுதியில் தானாகவே தெரியும். ஸ்மார்ட் டிவிகள் பலவற்றிலும் தெரியும்.

நம் ஊர்ப் பாட்டுக் கோப்புகளுக்கென்று ஒரு வியாதி உண்டு. கோப்புக்குள் பாட்டின் விவரம் எழுதியிருக்கும் டேகில், ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கிய தளத்தின் முகவரி இருக்கும். 2000-க்கு முன்பின் சேர்த்தவை என்றால் யூனிகோடுக்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் எழுதிய பெயர்கள் கொக்கி கொக்கியாகத் தெரியும். எம்பி3டேக் மென்பொருளில் திருத்தலாம். எனக்குப் பொறுமை இல்லை. மினிடிஎல்என்ஏ பக்கத்தில் ரூட் கன்டெய்னர் என்ற இடத்தில் பிரவுஸ் டைரக்டரியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்போது நான் வைத்த அடைவுப் பெயர்களே பட்டியலாக வருகின்றன.

பின்சேர்க்கை

படித்துவிட்டு செய்து பார்த்த நண்பர்கள் இருவருக்கு போனில் சர்வரே தெரியவில்லை. இருவர் வீட்டிலும் ஃபைபர் இணைப்புக்காரர் கொடுத்த பெட்டி ஒன்று, அதன் பின்னால் சொந்த ரவுட்டர். போன் முதல் பெட்டியின் வைஃபையில் இருந்தது. சர்வரைத் தேடும் செய்தி மல்டிகாஸ்ட் ஆக, அதாவது ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் பலருக்கும் பொதுவாக, போவதால் ரவுட்டரைத் தாண்டாது. போனை ரவுட்டரின் வைஃபைக்கு மாற்றியதும் வந்துவிட்டது. கெஸ்ட் வைஃபையிலும் தெரியாது.

இன்னொருவருக்கு யூஎஸ்பி 3.0 துளை. பென்டிரைவ் செருகியதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மந்தமானது. அது கற்பனை இல்லை, யூஎஸ்பி 3.0 அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-இலேயே ஆவணம் வெளியிட்டிருக்கிறது. ஒரு முழ நீட்டிப்பு கேபிள் போட்டு டிரைவைத் தள்ளி வைத்தார், சரியானது.

வெளியூரிலிருந்து கேட்க 8200 என்ற அந்த போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். மினிடிஎல்என்ஏவில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. அவர் கடைசியில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று வாங்கி நேவிட்ரோம் போட்டுக்கொண்டார், அதையும் வயர்கார்டு என்ற விபிஎன் வழியாகத்தான் திறக்கிறார்.