மாருதி 800 கியர் பாக்ஸ்ல இறுகிப் போன ஆயில் சீல வீட்டுலயே கழட்டுறது எப்படி

நம்ம சேலத்துல இன்னும் நெறைய பேர் வீட்டு வாசல்ல பழைய மாருதி 800 நிக்குது. 2014-லயே கம்பெனி அந்த வண்டி தயாரிக்கிறத நிறுத்திட்டாங்க, ஆனா அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போயிட்டு வர்றதுக்கு இப்பவும் அத நம்பி எடுக்குறவங்க இருக்காங்க. இந்த வண்டிங்கள்ல வயசானா வர்ற ஒரு தொல்லை, முன் வீல சுத்த வெக்கிற டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள்ள போற எடத்துல இருக்கிற ஆயில் சீல் (எண்ணெய் வெளிய வராம தடுக்குற, ரப்பர் உதடு வெச்ச வளையம்) காஞ்சு போயி எண்ணெய் கசியிறது. சீல் வெல ரொம்ப கம்மி, ஆனா பழைய சீல் அது ஒக்காந்திருக்கிற அலுமினியம் ஹவுசிங்ல, அதாவது கியர் பாக்ஸ் கூட்டுல, அப்படியே ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்கும், புதுசா செய்யிறவங்க அங்கதான் பொறுமைய விட்டுட்டு ஸ்க்ரூ டிரைவர வெச்சு நோண்டிடறாங்க. ஒண்ணே ஒண்ண மனசுல வெச்சுக்கோங்க: பழைய சீல் நாசமா போனாலும் பரவால்ல, அது ஒக்காந்திருக்கிற ஹவுசிங்ல ஒரு கீறல் விழக்கூடாது. கீறல் ஆழமா விழுந்தா அந்த வழியாவே எண்ணெய் வரும், அப்புறம் எத்தன புது சீல் போட்டாலும் நிக்காது.

மொதல்ல கசியிறது எதுன்னு பாருங்க

வண்டிக்கு அடியில ஈரம் இருந்தாலே கியர் பாக்ஸ் சீல்னு முடிவு பண்ணிடாதீங்க. ராத்திரி நிறுத்தும்போது அடியில ஒரு அட்டப்பொட்டிய பிரிச்சுப் போட்டு வெய்யுங்க, காலைல கறை எங்க விழுந்திருக்குன்னு தெரிஞ்சிடும். கியர் ஆயில்ல கந்தகம் கலந்த மருந்து சேத்திருப்பாங்க, அதனால மோந்து பாத்தா ஒரு கெட்ட வாடை வரும், இன்ஜின் ஆயில்ல அது இருக்காது. வீல் உள்பக்கம் சுத்திக் கருப்பா கெட்டியா கிரீஸ் தெறிச்சிருந்தா அது ஷாஃப்ட் ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கு, வேற வேலை. வீல்கிட்ட தண்ணி மாதிரி மெல்லிசா வழிஞ்சா பிரேக் ஆயிலா இருக்கலாம், அந்த வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க, மலைக்கு சுத்தமா கூடாது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற எடத்துல அடியில சொட்டுனா கியர் பாக்ஸையே எறக்கணும், அத மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. ஷாஃப்ட் நுழையிற வாய்ல மட்டும் ஈரம் இருந்தா மேற்கொண்டு படிங்க.

என்னென்ன வேணும்

ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்ட், பின் வீலுக்கு முட்டுக்கட்டை, ஸ்பேனர் செட், ஹப் நட்டுக்கு (வீல் நடுவுல ஷாஃப்ட் முனைய பிடிச்சிருக்கிற பெரிய நட்டு) சரியான சாக்கெட், ஒரு லீவர் கம்பி, சுத்தியல், சீல் புல்லர் (சீல கொக்கி போட்டு இழுக்குற கருவி), டபிள்யூடி-40 மாதிரி துரு எளக்குற ஸ்ப்ரே, பனியன் வேஸ்ட், ரொம்ப நைஸான எமரி ஷீட், சப்ப மரத்துண்டு ஒண்ணு. சீல் வாங்கப் போறப்ப வண்டி எந்த வருஷம், இடது பக்கமா வலது பக்கமான்னு சொல்லி வாங்குங்க, "அண்ணா ஒரிஜினலே குடுங்க"ன்னு கேட்டு வாங்குறது நல்லது, ஏன்னா இத்தன வேலையும் பண்ணிட்டு சுமார் சீல மாட்டி மறுபடி கழட்டுறது கொடுமை. ஷாஃப்ட் முனைல வர்ற சர்க்ளிப்பும் (ஷாஃப்ட்ட உள்ள பூட்டி வெக்கிற சின்ன கம்பி வளையம்) புது ஹப் நட்டும் சேத்தே வாங்கிடுங்க. கியர் ஆயில் எந்த கிரேடுன்னு மேனுவல்ல பாத்துக்கோங்க.

எடம் சமமா, சிமெண்ட் தரையா இருக்கணும். ஏற்காட்டுல வீடு இருக்கிறவங்களுக்கு இதுதான் செரமம், பாதி வாசல் சரிவாத்தான் இருக்கும், அங்க செய்யாதீங்க, கீழ சொந்தக்காரங்க வீட்டுக்கு கொண்டு வந்தாவது செய்யுங்க. வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில தலைய விடவே கூடாதுங்க.

ஷாஃப்ட்ட வெளிய எடுக்கிறது

வீல் தரையில இருக்கும்போதே ஹப் நட்ட எளக்கிடுங்க, தூக்குனப்புறம் அது திரும்பாது. அப்புறம் தூக்கி, ஸ்டாண்ட் குடுத்து, வீலக் கழட்டுங்க. எண்ணெய் எறக்குறதுக்கு முன்னாடி ஊத்துற பக்கம் இருக்கிற போல்ட் கழலுதான்னு பாத்துட்டு அப்புறமாத்தான் டிரெயின் போல்ட்ல கை வெக்கணும், ஏன்னா எண்ணெய எறக்கிட்டு மேல போல்ட் துருப்பிடிச்சு வரலன்னா வண்டிய எங்கயும் கொண்டு போக முடியாது. டிரெயின் போல்ட் காந்தத்துல பொடி மாதிரி மை ஒட்டியிருந்தா அது சாதாரணம், பல்லு உடைஞ்ச துண்டு மாதிரி எதாச்சும் இருந்தா சீலோட பிரச்சனை முடியாதுன்னு அர்த்தம்.

ஹப்ப அடியில பிடிச்சிருக்கிற லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் போல்ட்ட கழட்டி ஹப்ப வெளிப்பக்கமா நகத்துனா ஷாஃப்ட்டோட வெளி முனை வந்துடும். பிரேக் ஹோஸ் இழுபடாம ஒரு கயிறு போட்டு கட்டிக்கோங்க. உள் முனைக்கு, கியர் பாக்ஸுக்கும் ஷாஃப்ட்டோட குண்டான ஜாயிண்ட்டுக்கும் நடுவுல லீவர குடுத்து ஒரு தட்டு தட்டுனா சர்க்ளிப் விட்டு டக்குன்னு வெளிய வரும். ஷாஃப்ட்ட கையால பிடிச்சு இழுக்காதீங்க, உள்ள ஜாயிண்ட் பிரிஞ்சு வந்துடும், அத திரும்ப சேக்குறது தனி கத.

இப்ப அந்தப் புடிவாதக்கார சீல்

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்க, பழைய சீல் ஹவுசிங் விளிம்போட சமமா இருக்கா, இல்ல எவ்ளோ உள்ள தள்ளி இருக்குன்னு அளந்து குறிச்சுக்கோங்க, புதுசும் அதே ஆழத்துலதான் ஒக்காரணும். சுத்தியிருக்கிற மண்ண பிரஷ் போட்டு சுத்தம் பண்ணுங்க, இல்லன்னா அத்தனையும் உள்ள போயி பேரிங்குல உக்காந்துக்கும்.

சீல் வெளிப்பக்கம் இரும்பு வளையம், ஹவுசிங் அலுமினியம். ரெண்டும் ஈரத்துல சேந்து கெடந்தா நடுவுல வெள்ளையா பூத்து பிடிச்சுக்கும், இதனாலதான் வரமாட்டேங்குது. அந்த விளிம்பு ஓரமா சுத்தி ஸ்ப்ரே அடிச்சிட்டு ஒரு அரை மணி நேரம் விட்டுடுங்க. அதுக்கும் அசையலன்னா வெந்நீர்ல துணிய முக்கி நல்லா பிழிஞ்சு ஹவுசிங்க சுத்தி வெய்யுங்க, ஸ்டீல விட அலுமினியம் சூட்டுல ஏறக்கொறைய ரெண்டு மடங்கு விரியும், அதனால புடி கொஞ்சம் தளரும். நெருப்பு, கேஸ் டார்ச் எதுவும் வேண்டாம், சுத்தி எண்ணெயும் ஸ்ப்ரேயும் இருக்கு.

அடுத்து சீல் புல்லர். கொக்கிய ரப்பர் உதட்டுக்கு பின்னாடி, இரும்பு வளையத்துல மாட்டுங்க, ரொம்ப உள்ள விடாதீங்க, பின்னாடியே பேரிங் இருக்கு. புல்லரோட முதுகு ஹவுசிங்ல படுற எடத்துல மரத்துண்ட குடுங்க. ஒரே பக்கம் முழு பலத்தையும் போட்டு இழுக்கக் கூடாது, அங்க வளைஞ்சு மத்த பக்கம் இன்னும் இறுகிக்கும். மேல கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், அப்புறம் ரெண்டு ஓரமும்னு மாத்தி மாத்தி இழுங்க. முதல்ல ஒண்ணும் நடக்காத மாதிரிதான் இருக்கும், அப்புறம் ஒரு பக்கம் முடி கனத்துக்கு பளபளன்னு ஒரு கோடு தெரியும், அதுதான் அசஞ்சதுக்கு அடையாளம், அங்க இருந்து மத்ததெல்லாம் சுலபம்.

ரப்பர் பிஞ்சு வந்து இரும்பு வளையம் மட்டும் நின்னுக்கிட்டா பயப்படாதீங்க. வளையத்தோட தட்டையான முகத்துல எதிரெதிரா ரெண்டு எடத்துல கூரான பஞ்ச்சால சின்னதா ஓட்டை போட்டு, குட்டையான தகட்டு ஸ்க்ரூவ ரெண்டு மூணு சுத்து மட்டும் ஏத்தி, ஸ்க்ரூ தலைய கட்டிங் பிளேயர்ல பிடிச்சு இழுக்கலாம். டிரில் போடாதீங்கன்னுதான் சொல்வேன், இரும்புத்தூள் உள்ள விழுந்தா கியர் பல்லுக்கு ஆகாது. எப்படியும் முன்னாடியே ஷாஃப்ட் போற ஓட்டைக்குள்ள பனியன் வேஸ்ட்ட திணிச்சு வெச்சுக்கோங்க, கடைசில அத எடுக்க மறக்காதீங்க.

இதுக்கும் வரலன்னா கடைசி வழி சின்ன உளி. வளையத்தோட ஓரத்த ஒரே ஒரு எடத்துல உள்பக்கமா, நடுவ பாத்து மடக்கிவிடுங்க. உளி முனை இரும்புல மட்டும் படணும். ஒரு எடம் மடிஞ்சா வளையம் சுருங்கிடும், கையாலயே வந்துடும்.

மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை

ஹவுசிங் வாய எமரியால லேசா தடவி தொடைங்க. ஷாஃப்ட்ல சீல் உதடு ஓடுற எடத்துல நகத்தால உரசிப் பாருங்க, நகம் மாட்டுற அளவு பள்ளம் இருந்தா புது சீலும் சீக்கிரம் கசியும்.

ரெண்டாவது சோதனைய நெறைய பேர் செய்யறதே இல்ல: கியர் பாக்ஸ் மேல காத்து போற பிரீதர் அடைச்சிருக்கான்னு பாருங்க. ஏற்காடு ஏறும்போது ரெண்டாவது கியர்லயே ரொம்ப நேரம் ஓட்டுவோம், உள்ள எண்ணெய் சூடாகி காத்து விரியும், அதுக்கு வெளிய போக வழி இல்லன்னா சீல் வழியாத்தான் எண்ணெய தள்ளும். அத சுத்தம் பண்ணாம சீல மட்டும் மாத்துறது பாதி வேலைதான்.

புது சீலோட உதட்டுல கியர் ஆயில் தடவுங்க, ஸ்பிரிங் தெரியிற பக்கம் உள்ள இருக்கணும். சீல் வட்டத்துக்கு பொருந்துற பிவிசி பைப் துண்ட வெச்சு, அது மேல மரத்த வெச்சு, சுத்தி சுத்தி மெதுவா தட்டுங்க, குறிச்சு வெச்ச ஆழம் வந்ததும் நிறுத்துங்க. ஷாஃப்ட்ட உள்ள விடும்போது பல்லு முனை புது உதட்ட கீறாம நேரா பிடிச்சு விடுங்க, கிளிக்னு சத்தம் கேக்கணும், ஜாயிண்ட்ட லேசா வெளிய இழுத்துப் பாத்தா வரக்கூடாது.

எல்லாத்தையும் மாட்டி, வண்டி சமமா நிக்கிறப்ப, எண்ணெய் ஊத்துற அந்த லெவல் ஓட்டைல எண்ணெய் எட்டிப் பாக்குற வரைக்கும் ஊத்துங்க. ஹப் நட்ட மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்கி, எளகாம பூட்டிடுங்க. முதல்ல கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி பக்கம் சமதரைல ஒரு சுத்து சுத்திட்டு வந்து அடியில அட்டைய போட்டு பாருங்க. காஞ்சிருந்தா மலை ஏத்துங்க, எறங்குனதும் மறுபடி ஒரு தடவ பாத்துடுங்க. எறக்குன பழைய எண்ணெய கேன்ல ஊத்தி ஒர்க்‌ஷாப்புல குடுத்துடுங்க, தயவு செஞ்சு சாக்கடைலயோ ஓடைலயோ ஊத்தாதீங்க.