ஃபேனி பேக் தைக்கலாம்: இடுப்புக்கு அல்ல, மார்புக்கு

1980களில் எல்லார் இடுப்பிலும் இருந்த ஃபேனி பேக், 90கள் முடிவதற்குள் கேலிப் பொருளாகிவிட்டது. 2018 வாக்கில் அது திரும்பி வந்தபோது இடம் மாறி வந்தது. பட்டை ஒரு தோளில் ஏறியது, பை மார்பில் சாய்ந்து உட்கார்ந்தது. பெரிய பேஷன் நிறுவனங்கள் அதற்கு 'பெல்ட் பேக்' என்று கௌரவமான பெயரும் வைத்தன. இடுப்பில் பை கட்டுவது பழைய சங்கதிதான். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான, ஓட்சி என்று பெயரிடப்பட்ட ஆதிகால மனிதரின் உடலோடு கன்றுத்தோல் பை தைத்த இடைவார் ஒன்றும் கிடைத்தது. உள்ளே கல் கருவிகளும் தீ மூட்டும் காளானும் இருந்தன.

இந்த இடமாற்றம் தைப்பவருக்கு முக்கியம். பழைய அளவுகள் இடுப்புக்காக வெட்டப்பட்டவை. அவற்றை அப்படியே தைத்து மார்பில் மாட்டினால் பையின் மேல்விளிம்பு முன்னால் கவிழும், ஜிப் தானாகத் திறக்கும், பக்கிள் அக்குளில் உரசும். கீழே உள்ள அளவுகள் இந்த மூன்றையும் மனதில் வைத்துப் போட்டவை. தைத்து முடித்தால் அடிப்பக்கம் 20 செ.மீ. அகலமும் 6 செ.மீ. ஆழமும் கொண்ட, ஏறக்குறைய 1 லிட்டர் பிடிக்கும் பை கிடைக்கும். செல்போன் படுத்த வாக்கில் போகும்.

வாங்க வேண்டியவை

மேல்துணி அரை மீட்டர்: நடுத்தர கனமுள்ள கேன்வாஸ் அல்லது 500 டெனியர் நைலான். முதல் பைக்கு கேன்வாஸே நல்லது, வழுக்காது. லைனிங் அரை மீட்டர்: மெல்லிய நைலான் அல்லது நெருக்கமான நெசவுள்ள பருத்தி. வெளிர்நிறமாக எடுங்கள், கறுப்பு லைனிங்குக்குள் கறுப்புச் சாவியைத் தேடுவது கொடுமை.

5ஆம் எண் நைலான் ஜிப் 35 செ.மீ., ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் தலை) ஒன்று. உலோகப் பல் ஜிப் வேண்டாம். இந்தப் பையில் ஜிப்பின் இரு முனைகளும் பக்கத் தையலுக்குள் போகின்றன. உலோகப் பல்லில் ஊசி பட்டால் முறியும்.

25 மி.மீ. அகல நைலான் பட்டை 1.25 மீட்டர், அதே அகலத்தில் பிளாஸ்டிக் பக்கிள் ஒன்று. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் குறுக்குச் சட்டம் பக்கிளின் ஆண் பாதியிலேயே (மற்றதற்குள் செருகும் பாதி) இருக்க வேண்டும். உலோக பக்கிள் பார்க்க அழகு, கழுத்தெலும்பில் தட்டும்போது தெரியும் அதன் எடை. உள்விளிம்பு மூட 22 மி.மீ. நாடா 1.25 மீட்டர்.

நூல் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் இந்த இழுவையைத் தாங்காது. ஊசி கேன்வாஸுக்கு 100/16, நைலானுக்கு 90/14. தையல் நீளம் 3 மி.மீ. நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின் போதும், ஓவர்லாக் தேவையில்லை. குண்டூசிக்குப் பதில் துணி கிளிப் வைத்துக்கொள்ளுங்கள். நைலானில் குண்டூசி போட்ட ஓட்டை மறையாது.

வெட்டு அளவுகள்

எல்லாவற்றிலும் தையலுக்கான 1 செ.மீ. சேர்ந்தே இருக்கிறது.

- முன் மேல்துண்டு 28 × 6 செ.மீ.
- முன் கீழ்த்துண்டு 28 × 16 செ.மீ.
- பின்துண்டு 28 × 20 செ.மீ.
- இறக்கை (பட்டையைப் பையின் பக்கத்தோடு இணைக்கும் பகுதி) 4 துண்டுகள்: ஒரு முனை 9 செ.மீ., மறுமுனை 5 செ.மீ., நீளம் 9 செ.மீ.

முதல் மூன்றையும் லைனிங்கிலும் வெட்டுங்கள். இறக்கைக்கு லைனிங் வேண்டாம். பட்டையில் 100 செ.மீ. ஒன்று, 14 செ.மீ. ஒன்று. வெட்டிய முனைகளைத் தீயில் லேசாகக் காட்டி உருக்கினால் பிரியாது.

1. ஜிப்

ரன்னரைக் கோத்துவிட்டு, எந்தப் பக்கம் மூட வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மார்பில் பை சாய்ந்திருக்கும், ஒரு முனை தோள் பக்கம் உயரும். ஜிப் அந்த உயர்ந்த முனையில் மூடினால், நடக்கும் குலுக்கலில் ரன்னர் தன் எடையாலேயே கீழே சரிந்து பையைத் திறந்துவிடும். ஆகவே மூடும் முனை தாழ்ந்த பக்கம் வர வேண்டும். பட்டையை இடது தோளில் போடுபவர், மேசையில் முன்துண்டை நல்ல பக்கம் மேலாக வைத்துப் பார்த்தால் ஜிப் இடப்பக்கம் மூட வேண்டும். வலது தோள் என்றால் வலப்பக்கம்.

கீழ்த்துண்டின் நல்ல பக்கத்தின் மேல் ஜிப்பைக் கவிழ்த்து, அதன் மேல் லைனிங்கைக் கவிழ்த்து, மூன்று விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்து ஜிப் ஃபுட்டால் (ஜிப் தைக்க மெஷினில் மாட்டும் ஒல்லியான அழுத்திக்கால்) 1 செ.மீ.யில் தையுங்கள். இரு துணிகளையும் பின்னால் மடித்து, லைனிங்கும் சேரும்படி 3 மி.மீ.யில் மேல்தையல் போடுங்கள். லைனிங்கை விட்டுவிட்டு மேல்துணியில் மட்டும் தைத்தால், ரன்னர் போகும் வழியெல்லாம் லைனிங்கைக் கடிக்கும். மறுபக்கம் மேல்துண்டையும் இதேபோல்.

ஜிப் அலை அலையாக வந்தால் உங்கள் கையில் குறையில்லை. ஃபுட் அழுத்தும்போது துணி நீள்கிறது, ஜிப் நீள்வதில்லை. 6 மி.மீ. இரட்டைப் பக்க டேப்பால் ஜிப்பைத் துணியில் ஒட்டிவிட்டுத் தைத்தால் அலை வராது. டேப் மேல் ஊசி ஓடக் கூடாது, பசை ஏறி நூல் அறும்.

இணைந்த முன்பக்கம் 21 செ.மீ.யை ஒட்டி வரும். பின்துண்டை மேலே வைத்து, அடியில் மிச்சமிருப்பதை வெட்டி 20 ஆக்குங்கள். இதற்காகத்தான் கூடுதலாக விட்டது. பின்துண்டின் உள்பக்கத்தில் அதன் லைனிங்கை வைத்துச் சுற்றிலும் 0.5 செ.மீ.யில், நகராமல் பிடிக்க மட்டும், ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். பிறகு முன்னும் பின்னும் கீழ் மூலைகள் இரண்டிலும் 3 × 3 செ.மீ. சதுரம் வெட்டி எடுங்கள். அடிப்பக்க ஆழம் இதிலிருந்துதான் வருகிறது.

2. இறக்கை

பட்டையை நேரே பக்கத் தையலில் செருகினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் முழு எடையும் 25 மி.மீ. இடத்தில் விழும். இறக்கை அதை 7 செ.மீ.க்குப் பரப்புகிறது, பையையும் உடம்போடு ஒட்ட வைக்கிறது.

இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே வைத்து, நடுவில் பட்டையை நுழையுங்கள். பட்டையின் முனை குறுகிய விளிம்போடு சேர, மீதி அகலமான வாய் வழியே வெளியே வரட்டும். குறுகிய விளிம்பையும் இரு சாய்வுகளையும் தைத்து, பட்டையை இழுத்தால் இறக்கை தானே திரும்பும். பட்டையின் இரு பக்கமும் கால் செ.மீ.தான் இடம், சாய்வில் பட்டை மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். ஒன்றில் 100 செ.மீ. பட்டை. மற்றதில் 14 செ.மீ. பட்டையை பக்கிளின் பெண் பாதியில் கோத்து இரண்டாக மடித்து வையுங்கள். இங்கே பக்கிளும் வாய் வழியே வெளிவர வேண்டும், அதனால் சாய்வுகளை அகலமான முனைவரை நேராக முடியுங்கள். குறுகிய முனையில் இரண்டு முறை தைத்துவிடுங்கள்.

3. மூடுவது

பின்துண்டின் நல்ல பக்கத்தில், அகலமான வாய் பக்க விளிம்போடு சேர, இறக்கைகளை உள்நோக்கிப் படுக்க வைத்து, மேல்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. கீழே ஓட்டுத்தையல் போடுங்கள். இடுப்புப் பைகளில் இறக்கை பக்கத்தின் நடுவில் இருக்கும். மார்பில் அது கூடாது. பிடிக்கும் இடம் எடைக்குக் கீழே போனால் பை கவிழும். இடது தோள்காரருக்குக் குட்டைப் பட்டை வலப்பக்கம் வரும்: முன்பக்கம் உங்களைப் பார்க்கும்போது உங்கள் வலம். அப்போதுதான் பக்கிள் கழுத்தெலும்பு அருகே கைக்கு எட்டும். பின்துண்டைத் தனியாக, நல்ல பக்கம் மேலாக வைத்துத் தைக்கும்போது இடவலம் மாறி, குட்டைப் பட்டை உங்கள் இடப்பக்கம் வரும், கவனம்.

பட்டைகளைச் சுருட்டி நடுவில் கிளிப் போடுங்கள். இனி ரன்னரைப் பாதி வழிக்குக் கொண்டு வாருங்கள். ஜிப் திறந்திருக்கிறதா? மூடிய ஜிப்போடு நான்கு பக்கமும் தைத்துவிட்டால் பையைத் திருப்ப வழியே கிடையாது, பிரிக்க வேண்டியதுதான். ரன்னர் நடுவில் இருக்கும்போது திறந்த முனையில் ஜிப்பின் இரு பாதியும் விரிந்து நிற்கும். அப்படியே தைத்தால் ஒரு பக்கம் இரண்டு, மூன்று மி.மீ. இறங்கி, ஜிப் கடைசிவரை மூடாது. இரு பாதியையும் ஒட்டி வைத்துக் கையால் நாலு தையல் போட்டுவிட்டு மெஷினுக்குப் போங்கள்.

முன்துண்டைக் கவிழ்த்து வைத்து மேல், அடி, இரு பக்கங்கள் எல்லாம் 1 செ.மீ.யில் தையுங்கள். சதுரம் வெட்டிய மூலைகள் திறந்தே இருக்கட்டும். இறக்கை வரும் இடத்தில் ஆறு அடுக்குத் துணி. ஃபுட் சரிந்து ஏறும்போதுதான் தையல் விட்டுப் போகும். ஃபுட்டின் பின்பக்கம் மடித்த அட்டை ஒன்றை வைத்து மட்டமாக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள். அந்த இடத்தில் மறுபடி ஒருமுறை தைத்துவிடுங்கள்.

கீழ் மூலையை விரித்து, பக்கத் தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி சேர்த்து 1 செ.மீ.யில் தையுங்கள். அதற்கு முன்பே நேர் விளிம்புகளை நாடாவால் மூடியிருக்க வேண்டும், பிறகு மூலைகளை. ஜிப் வழியே திருப்புங்கள்.

4. பட்டையின் நீளம்

நீளப் பட்டையை ஆண் பாதியில் கோத்து, கனமான உடுப்பின் மேல் மாட்டிப் பாருங்கள். 20 செ.மீ. வால் போக மீதியை வெட்டி, முனையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் பக்கிளிலிருந்து உருவிக்கொண்டு போகாது.

பின்சேர்க்கை: பட்டை வழுக்கினால்

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாலை இழுத்தால் இறுக வேண்டும், பையை இழுத்தால் அசையக் கூடாது. பையை இழுக்கும்போது பட்டை ஓடினால் சட்டத்தில் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள். உருவி எதிர்ப்பக்கத்திலிருந்து கோத்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் பட்டை அந்த பக்கிளுக்கு மெல்லியது. பட்டையை மாற்றத் தேவையில்லை, இடைவெளி குறுகலான வேறு பக்கிள் வாங்கினால் போதும். ஆனால் பெண் பாதி இறக்கைக்குள் தைத்தாகிவிட்டதே! அதனால்தான் பட்டையையும் பக்கிளையும் கடையிலேயே கோத்து, இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.