சொல்லாமல் நின்றுவிட்ட ஆளின் கணக்கை முடிப்பது எப்படி?

சம்பளம் போட்ட மறுநாள் ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் பத்து இருபது பேரை வைத்து ஜாப் வொர்க் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் வேலை) செய்யும் யாருக்கும் இது புதிதல்ல. பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறது, சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) ஓட்டத் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. புதிதாக ஆள் வைத்துத் தொழில் தொடங்கியவர்கள் இந்த நிலைமையில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று பார்ப்போம்.

முதல் இரண்டு நாள்: விசாரிப்பு

உடனே "நின்னுட்டான்" என்று முடிவு கட்டாதீர்கள். ஊரில் சாவு, விபத்து, காய்ச்சல் என எதுவும் இருக்கலாம். கூட வேலை செய்பவர், ரூமில் தங்கியிருப்பவர், ஆளைக் கொண்டுவந்து விட்ட காண்ட்ராக்டர் எல்லோரிடமும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி போடுங்கள். கோபத்தில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் பின்னால் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று மட்டும் குறியுங்கள். பெயரை அடிக்க வேண்டாம்.

மூன்றாம் நாள்: கடிதம்

நீளமாக எழுத வேண்டியதில்லை. இது போதும்:

"நீங்கள் … தேதி முதல் தகவல் இல்லாமல் பணிக்கு வரவில்லை. இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் பணிக்குத் திரும்பவும், அல்லது காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். வேலையை விட விரும்பினால் அதை எழுதிக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளவும்."

சொந்த ஊர் முகவரிக்கு, பட்டுவாடா அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். ஒடிசா, பீகார் ஆட்களுக்கு இந்தியில் ஒரு நகலும் வையுங்கள். கடிதம் திரும்பி வந்தால் பிரிக்காமல் ஃபைலில் போட்டு வையுங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டாம் கடிதம். அதில் விசாரணைக்கு ஒரு தேதி கொடுங்கள். அன்றும் வரவில்லை என்றால், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, அதன் பிறகு பெயரை நீக்குங்கள். எட்டு நாளுக்கு மேல் வராத தொழிலாளியை விசாரணையே இல்லாமல் நீக்கிய வழக்கில், அது இயற்கை நீதிக்கு (ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்ற கொள்கை) எதிரானது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. பின்னால் அந்தத் தலைவலி வராமல் இருக்கத்தான் இவ்வளவு காகிதமும்.

சம்பளக் கணக்கு

"சொல்லாமல் போனான், வேலை செய்த பத்து நாள் சம்பளத்தை வந்து வாங்கட்டும் பார்ப்போம்." நம் பக்கத்தில் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆட்கள் சொல்லாமல் போவதற்குப் பாதிக் காரணமே இதுதான் என்பது என் அபிப்பிராயம். சொன்னால் சம்பளம் நின்றுவிடும் என்று தெரிந்தவர், சம்பளம் கைக்கு வந்த மறுநாள்தான் கிளம்புவார்.

வேலை செய்த நாளுக்கான கூலியை நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கலாம். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் நிபந்தனை (நிற்கும் முன் இத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்பது) இருந்து, பத்து பேரோ அதற்கு மேலோ கூட்டாகச் சொல்லாமல் நின்றால், எட்டு நாள் கூலி வரை பிடிக்க வழி உண்டு. ஒருவர் தனியாக நின்றதற்கு அது பொருந்தாது.

அட்வான்ஸ் பாக்கியைக் கழிக்கலாம், ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்தால் அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அதேபோல ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பி.எஃப். வேலை

பி.எஃப். தளத்தில் அவர் கடைசியாக வேலை செய்த தேதியை ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அவர் பணத்தை எடுப்பதில் சிக்கல் வந்து உங்களுக்குத்தான் போன் வரும். இ.எஸ்.ஐ. பதிவிலும் அதே. ஐ.டி. கார்டு, ரூம் சாவி, மைக்ரோமீட்டர், வெர்னியர் போன்ற அளவுக் கருவிகள் என எதுவெல்லாம் திரும்பவில்லை என்று தேதி போட்டுப் பட்டியல் எழுதுங்கள். அவர் கையில் இருந்த பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

நின்ற மெஷினை ஓட்ட

ஒரு மெஷினை ஒரே ஆளை நம்பி விடக் கூடாது. புரோகிராமும் ஆஃப்செட்டும் (மெஷினில் போடும் டூல் அளவுத் திருத்தம்) ஆபரேட்டர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் போன அன்று டெலிவரியும் போச்சு. வாரம் ஒருமுறை புரோகிராம்களை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஹெல்பரைப் பழக்குங்கள். பொங்கல், ஆடிப்பெருக்கு, வடக்கத்தி ஆட்கள் ஊருக்குப் போகும் தீபாவளி, சாத் பூஜை வாரங்களில் ஆள் குறையும் என்று முன்பே கணக்குப் போட்டு ஆர்டர் எடுங்கள்.

அடுத்த ஆளைச் சேர்க்கும்போது

ஒரு பக்கப் பணி ஆணை கொடுங்கள். அதில் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதோடு, சொல்லிவிட்டுப் போனால் எந்தத் தேதியில் கணக்கு முடியும் என்பதையும் எழுதுங்கள். ஊர் முகவரியும் வீட்டு போன் நம்பரும் வாங்குங்கள். வீட்டு நம்பர் என்று தன் இரண்டாவது சிம் நம்பரையே கொடுப்பவர்கள் உண்டு. வாங்கியதும் அவர் எதிரிலேயே அந்த நம்பருக்கு ஒருமுறை போன் போட்டுப் பேசிவிடுங்கள்.